பேனல் முடிவு வந்த பிறகு: பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் மேல்முறையீடு செய்வது எப்படி

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ படிக்கும் ஒருவர் அசைன்மென்ட்டில் முறைகேடு செய்தார் என்று பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு, அதாவது பேனல், முடிவு சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம். பிளேஜியரிசம் (பிறர் எழுத்தை மூலம் சுட்டாமல் எடுப்பது), கொல்யூஷன் (தனியாகச் செய்ய வேண்டியதைச் சேர்ந்து செய்வது), காசு கொடுத்து எழுதி வாங்கியது, தேர்வறையில் துண்டுச்சீட்டு, ஏஐ எழுதிக் கொடுத்தது என்று குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும் மேல்முறையீட்டுப் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். விடுதிச் சண்டை, துன்புறுத்தல் போன்ற நடத்தைப் புகார்களுக்கு விதிப்புத்தகம் வேறு. மருத்துவம், நர்சிங், பார்மசி, சமூகப்பணி படிப்பவர்களுக்கு இதற்கு மேல் "ஃபிட்னஸ் டு பிராக்டிஸ்" (அந்தத் தொழிலுக்குத் தகுதியானவரா) என்ற தனி விசாரணையும் வரக்கூடும்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மேல்முறையீடு மறுவிசாரணை அல்ல. "நான் செய்யவில்லை, திரும்ப ஒருமுறை பாருங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் ஒரே அதிகாரி படித்துவிட்டு, காரணம் போதவில்லை என்று தள்ளிவிடுவார். முடிவு எடுத்த விதத்தில் என்ன தவறு, எந்த விதி மீறப்பட்டது, அதனால் முடிவு எப்படி மாறியிருக்கும் என்று காட்டுபவருக்குத்தான் கதவு திறக்கும்.

முதல் நாள்

முடிவுக் கடிதம் பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஜிமெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைத் திறக்கும்போது பாதி அவகாசம் போயிருக்கும். அவகாசம் கடிதத்தின் தேதியிலிருந்துதான் ஓடும், நீங்கள் படித்த நாளிலிருந்து அல்ல. பல இடங்களில் அது 10 வேலை நாள். சில இடங்களில் 14 அல்லது 21 நாட்காட்டி நாள். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, பேங்க் ஹாலிடே சேராது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பல்கலைக்கழகம் மூடியிருக்கும் நாட்கள் சேருமா என்பதை விதியில் பாருங்கள். வெள்ளிக்கிழமை தேதியிட்ட கடிதம் என்றால் திங்கள் முதல் நாள், இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளி பத்தாவது நாள்.

கடைசி நேரத்தையும் பாருங்கள். இரவு 11.59 என்று அசைன்மென்ட் போட்டுப் பழகியவர்கள், மேல்முறையீட்டுக்கு மாலை 5 மணி என்று இருப்பதைக் கவனிப்பதில்லை. ஊருக்கு வந்துவிட்டவர்களுக்கு லண்டன் 5 மணி என்பது கோடையில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

அன்றே மூன்று வேலை. ஒன்று, முறைகேடு விதிகளையும் மேல்முறையீட்டு விதிகளையும் பிடிஎஃப் ஆக இறக்கி வைப்பது. விதிகள் பெரும்பாலும் கல்வியாண்டுக்கு ஒருமுறை மாறும். நீங்கள் அசைன்மென்ட் சமர்ப்பித்தது மே மாதம், முடிவு வந்தது அக்டோபர் என்றால் எந்த ஆண்டின் விதி உங்களுக்குப் பொருந்தும் என்று கடிதத்திலேயே தேடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பேனல் தவறான ஆண்டின் விதியை எடுத்திருந்தால் அதுவே ஒரு காரணம்.

இரண்டு, மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்துக்கு மின்னஞ்சல் போடுவது. ஸ்டூடன்ட்ஸ் யூனியன் என்றால் பார்ட்டி நடத்துகிற இடம் என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அங்கே இந்த வேலைக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தின் ஆட்கள் அல்ல, கட்டணமும் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பேனல்கள் எதை ஏற்கும், எதைத் தள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வெளியில் எந்த வக்கீலுக்கும் தெரியாது. ஊரில் விசா போட்டுக் கொடுத்த கன்சல்டன்சி "அப்பீல் லெட்டர் நாங்களே எழுதித் தருகிறோம்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பெயரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் வரும். காசு கொடுத்து எழுதி வாங்கினாய் என்ற குற்றச்சாட்டுக்கு, காசு கொடுத்து எழுதி வாங்கிய பதிலைக் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மூன்று, காகிதங்களைச் சேர்ப்பது. குற்றச்சாட்டுக் கடிதம், பேனலுக்கு அனுப்பிய ஆதாரத் தொகுப்பு, டர்னிட்டின் (நகலைத் தேடும் மென்பொருள்) தந்த முழு அறிக்கை, விசாரணைக் குறிப்புகள், முடிவுக் கடிதம், மாட்யூல் (படிப்பின் ஒரு பாடப்பகுதி) ஹேண்ட்புக், அசைன்மென்ட் வினாத்தாள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறப்பார்கள். ஏஐ பயன்படுத்தலாமா, எந்த அளவுக்கு என்பது அதில்தான் இருக்கும். சில பல்கலைக்கழகங்கள் ஒவ்வோர் அசைன்மென்ட்டையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துச் சொல்கின்றன.

விசாரணைக் குறிப்பு கையில் இல்லையென்றால் பேனல் செயலாளரிடம் உடனே எழுதிக் கேளுங்கள். தனிநபர் தரவுச் சட்டப்படி உங்களைப் பற்றிய எல்லாப் பதிவுகளையும் கேட்டு வாங்க உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பதில் தர அவர்களுக்கு ஒரு மாத அவகாசம், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம். மேல்முறையீட்டுக் கெடுவுக்குள் அது வந்து சேராது. ஆனாலும் இப்போதே போட்டு வையுங்கள், அடுத்த கட்டத்துக்கு உதவும். ஆசிரியர்கள் தங்களுக்குள் உங்களைப் பற்றி எழுதிய மின்னஞ்சல்கள் அதில்தான் வெளியே வரும்.

ஆவணம் எல்லாம் கெடுவுக்குள் கிடைக்காது என்று தெரிந்தால் காத்திருக்காதீர்கள். படிவத்தில் காரணங்களை மட்டும் சுருக்கமாக நிரப்பிக் கெடுவுக்குள் அனுப்பி, "இன்ன ஆவணம் இன்ன தேதிக்குள் வரும்" என்று சேர்த்து எழுதுங்கள். கூடுதல் நாள் கேட்பதானால் கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணமும் அதற்கு ஆவணமும் தேவை. வேலைப்பளு, மன உளைச்சல் என்று வெறுமனே எழுதினால் எடுபடாது.

எந்தக் காரணங்கள் செல்லும்

பெரும்பாலான விதிப்புத்தகங்களில் நான்கு காரணங்கள் இருக்கும்: நடைமுறைப் பிழை, புதிய ஆதாரம், பாரபட்சம், தண்டனை அளவுக்கு மீறியது. சில இடங்களில் "கிடைத்த ஆதாரத்தை வைத்து நியாயமான எந்தப் பேனலும் இந்த முடிவுக்கு வந்திருக்காது" என்பது ஐந்தாவது. உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறதோ அதை, அதே சொற்களில், அதே விதி எண்ணோடு எழுத வேண்டும்.

நடைமுறைப் பிழை என்றால் எந்தப் பிழையும் அல்ல, முடிவைப் பாதித்திருக்கக்கூடிய பிழை. கடிதத்தில் உங்கள் பெயரில் ஓர் எழுத்து தவறு, கடிதம் ஒரு நாள் தாமதம் என்பதெல்லாம் செல்லாது. செல்லக்கூடியவை இப்படி இருக்கும்: பேனல் பார்த்த ஆவணத்தை உங்களுக்கு முன்கூட்டியே காட்டவில்லை, விதி சொல்லும் முன்னறிவிப்பு நாட்களைத் தராமல் கூப்பிட்டார்கள், குற்றம் சாட்டிய ஆசிரியரே முடிவெடுக்கும் இடத்திலும் இருந்தார், பிளேஜியரிசம் என்று கூப்பிட்டு, எழுதி வாங்கியது என்று முடிவு செய்தார்கள், துணைக்கு ஓர் ஆளைக் கூட்டி வரலாம் என்று சொல்லவில்லை, முடிவுக் கடிதத்தில் காரணமே இல்லை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது, அளவுகோல் "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்பது. "நீ செய்யவில்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும்" என்ற தொனியில் பேனல் குறிப்பில் ஏதாவது வாக்கியம் இருந்தால் அதை அப்படியே மேற்கோள் காட்டுங்கள். டிஸ்லெக்ஸியா, ஆட்டிசம், மனநலச் சிக்கல் பதிவாகியிருந்தும் விசாரணையில் அதற்கான வசதி செய்யாவிட்டால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் உள்ளே வரும்.

புதிய ஆதாரம் என்பதில் "புதிய" என்ற சொல்தான் கண்ணி. பேனலுக்கு முன்பே உங்களிடம் இருந்த வரைவை இப்போது இணைத்தால், முன்பே ஏன் தரவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி தனியாக எழுதியாக வேண்டும். பழைய லேப்டாப் ரிப்பேரில் இருந்தது என்றால் கடை ரசீது. நோயைக் குடும்பத்திடமே சொல்லவில்லை, அதனால் பேனலிடமும் சொல்லவில்லை என்றால் மருத்துவர் கடிதத்தில் அது வர வேண்டும். வெட்கத்தால் சொல்லவில்லை என்பது சில சமயம் ஏற்கப்படும், ஆனால் மருத்துவரோ கவுன்சிலரோ அதை ஆதரித்து எழுதினால்தான். ஊர் மருத்துவரின் சான்றிதழ் என்றால் லெட்டர்ஹெட், பதிவு எண், தேதி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை உடல்நிலை சரியில்லை என்ற விவரம் எல்லாம் வேண்டும். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். தெரிந்த டாக்டரிடம் பின்தேதி போட்டு வாங்கும் யோசனை வேண்டாம். அவர்கள் மருத்துவமனைக்கே எழுதிச் சரிபார்க்கலாம். பொய் என்று தெரிந்தால் அது புதிய குற்றம், முதல் குற்றத்தைவிடப் பெரிது.

பாரபட்சம் சொல்வதில் மிகக் கவனம் தேவை. "அந்த ஆசிரியருக்கு இந்திய மாணவர்களைப் பிடிக்காது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆதாரம் இல்லாமல் எழுதினால் மற்ற வலுவான காரணங்களும் அதோடு பலவீனமாகிவிடும். ஒரே மாதிரி எழுதிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் நடவடிக்கை, மின்னஞ்சலில் முன்கூட்டியே முடிவு செய்த சொற்கள், பேனல் உறுப்பினருக்கும் புகார் கொடுத்தவருக்கும் நேரடித் தொடர்பு என்று கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

தண்டனை

எங்கள் பார்வையில் மாணவர்கள் அதிகம் கைவிடுவது இந்தக் காரணத்தைத்தான். குற்றமில்லை என்று நிறுவவே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தண்டனை பற்றி ஒரு வரி இருக்காது. உண்மையில் செய்தவருக்கும் இந்தக் காரணம் திறந்தே இருக்கிறது.

பல விதிப்புத்தகங்களில் தண்டனை அட்டவணை ஒன்று இருக்கும். எச்சரிக்கை, மதிப்பெண் குறைப்பு, அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம் போட்டு மறுவாய்ப்பு, மாட்யூலுக்கே பூஜ்யம், மறுவாய்ப்பு இல்லாத பூஜ்யம், பட்டத் தரம் குறைப்பு, வெளியேற்றம் என்று படிகள் ஏறும். மறுவாய்ப்பில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்தான் கிடைக்கும். இளநிலையில் பொதுவாக 40, முதுநிலையில் 50. எந்தப் படி என்பதை முதல் முறையா, எந்த ஆண்டு மாணவர், எத்தனை சதவீதம் நகல், அசைன்மென்ட்டின் எடை, ஏமாற்றும் எண்ணம் உண்டா என்பவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும். உங்கள் முடிவுக் கடிதத்தை அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைவிடக் குறைந்த தண்டனை ஏன் போதாது என்று பேனல் விளக்கியிருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் பத்தி.

தண்டனையின் உண்மையான விளைவையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓராண்டு எம்எஸ்சி 180 கிரெடிட். அதில் டிஸர்டேஷன் (இறுதி ஆய்வேடு) பெரும்பாலும் 60. மறுவாய்ப்பு இல்லாமல் டிஸர்டேஷனுக்குப் பூஜ்யம் போட்டால் கையில் 120 கிரெடிட்தான், அதாவது எம்எஸ்சி போய் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா. காகிதத்தில் "ஒரு மாட்யூலுக்குப் பூஜ்யம்" என்று சிறிதாகத் தெரிவது நடைமுறையில் பட்டத்தையே எடுத்துவிடுகிறது. பேனல் இதைக் கவனித்ததா என்பது நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் படிக்கிறேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை எழுதலாம், ஆனால் அது இரண்டாம் இடத்தில்தான். அட்டவணை வாதம் முதலில்.

இங்கே எண்ணம் பற்றி ஒரு வார்த்தை. பல விதிகளில் பிளேஜியரிசத்துக்கு ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை. தெரியாமல் செய்தாலும் குற்றம்தான். ஆகவே "எங்கள் ஊரில் சைட்டேஷன் (மூலத்தைச் சுட்டும் முறை) சொல்லித் தரவில்லை" என்பது குற்றத்தை நீக்காது. தண்டனையைக் குறைக்க உதவும், அதுவும் முதல் செமஸ்டரில். இரண்டாம் செமஸ்டரில் சொன்னால், முதல் வாரமே ஆன்லைன் பயிற்சி முடித்ததாகப் பதிவு இருக்கிறதே என்று எடுத்துக் காட்டுவார்கள்.

கொல்யூஷன் வழக்கு நம் பிள்ளைகளுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் எளிது: நாலு பேர் ஒரே வீடு, ஒரே கோர்ஸ், ஒரே அசைன்மென்ட். "மாதிரிக்குப் பார்க்கக் கொடுத்தேன்" என்பது தற்காப்பு என்று நினைப்பார்கள். பல விதிகளில் கொடுத்ததும் குற்றம். யார் முதலில் எழுதினார், எப்போது கொடுத்தார் என்பதைக் கோப்பின் தேதிகள் காட்டும். அவை உங்கள் பக்கம் இருந்தால் எடுத்து வையுங்கள். நண்பரோடு உட்கார்ந்து ஒரே கதையைத் தயார் செய்து இரண்டு கடிதம் எழுதினால், அந்த இரண்டு கடிதமுமே கொல்யூஷன் போலத்தான் தெரியும்.

டர்னிட்டினும் ஏஐ குற்றச்சாட்டும்

டர்னிட்டின் காட்டும் ஒற்றுமை சதவீதம் பிளேஜியரிசத்தின் அளவு அல்ல. மேற்கோள், நூற்பட்டியல், அட்டைப்பக்கம், வினாத்தாளிலிருந்து அப்படியே எடுத்த கேள்விகள் எல்லாமே அதில் சேரலாம். முழு அறிக்கையைக் கேட்டு வாங்கி, நூற்பட்டியலும் மேற்கோள்களும் விலக்கப்பட்டனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு நிறமிட்ட பகுதிக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்: இது மேற்கோள், இது துறையில் எல்லாரும் எழுதும் வாக்கியம், இது நானே போட்ட பழைய வரைவு. 30 சதவீதம் என்று பேனல் எழுதியது விலக்கல்களுக்குப் பிறகு 9 ஆகிறது என்றால், அந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கம் வைத்தாலே போதும்.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை டர்னிட்டின் 2023 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதன் எண்ணை மட்டும் வைத்து மாணவர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதே 2023ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுத்து என்று தவறாகக் காட்டின. டர்னிட்டின் அந்த ஏழில் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். மிகைப்படுத்தினால் பேனலில் ஒருவராவது பிடித்துவிடுவார்.

பொதுவாதம் மட்டும் போதாது, நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்குத் தடயம் வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் நாள்வாரியாகப் பத்திகள் வளர்ந்தது தெரியும். வேர்டில் என்றால் கோப்பு ஒன்டிரைவில் இருந்திருக்க வேண்டும்; அப்போதுதான் பழைய வடிவங்கள் இருக்கும். கோப்பின் விவரப் பக்கத்தில் மொத்தத் திருத்த நேரமும் காட்டும். ஆனால் ஒரு கோப்பில் எழுதி வேறு கோப்பில் ஒட்டியிருந்தால் அந்த இரண்டாவது கோப்பில் நாலு நிமிடம் என்றுதான் இருக்கும், பேனல் அதை உங்களுக்கு எதிராகவே எடுக்கும். அப்படியானால் முதல் கோப்பைத் தேடி எடுத்துச் சேர்த்து, ஒட்டிய கதையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிரவுசர் வரலாறு, நூலகக் கணக்கில் இறக்கிய கட்டுரைகள், கையெழுத்துக் குறிப்புகளின் படம், ஆசிரியருக்கு அனுப்பிய சந்தேக மின்னஞ்சல் எல்லாம் உதவும். பிரவுசர் வரலாறு தானாக அழிந்துவிடும்; குற்றச்சாட்டு வந்த நாளே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கிராமர்லி போன்ற கருவியை வைத்து வாக்கியங்களைத் திருத்தியிருந்தால் மறைக்காதீர்கள். வினாத்தாளில் அது தடை செய்யப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஒரு நிலைமையில் மட்டும் இந்தத் தடயங்கள் காப்பாற்றாது. உலகில் எங்குமே இல்லாத கட்டுரைகளும் இல்லாத டிஓஐ எண்களும் (ஆய்வுக்கட்டுரையின் அடையாள எண்) நூற்பட்டியலில் இருந்தால் பேனல் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கண்டறியும் கருவி தவறலாம்; உலகில் இல்லாத ஆய்வுக்கட்டுரையை நீங்கள் படித்திருக்க முடியாது. அங்கே மறுப்பதைவிட ஒப்புக்கொண்டு தண்டனைப் படியைப் பற்றி வாதிடுவதே சரி என்று நினைக்கிறோம். மேல்முறையீட்டுக் கடிதத்தை சாட்ஜிபிடி எழுதித் தரவும் விடாதீர்கள். இல்லாத விதி எண்ணையும் இல்லாத கோர்ட் தீர்ப்பையும் அது வெகு நம்பிக்கையோடு எழுதிக் கொடுக்கும்.

கடிதத்தை எழுதுவது

இரண்டு, மூன்று பக்கம் போதும். படிவத்தில் சொல் வரம்பு இருந்தால் அதற்குள் நில்லுங்கள். முதல் பத்தியில் மூன்று செய்தி: எந்தத் தேதியிட்ட எந்த முடிவு, எந்தக் காரணங்கள், என்ன கேட்கிறீர்கள். கேட்பது தெளிவாக இருக்க வேண்டும்: முடிவை ரத்து செய்து புதிய பேனல் அமைக்கவும், அது இல்லையென்றால், தண்டனையை அட்டவணையின் இன்ன படிக்கு மாற்றவும்.

அதன் பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் விதி, நடந்தது, ஆதாரம், விளைவு என்ற வரிசை. இப்படி இருக்கலாம்:

"விதி 5.3ன்படி பேனல் பார்க்கும் எல்லா ஆவணங்களும் கூட்டத்துக்கு 5 வேலை நாளுக்கு முன் மாணவருக்குத் தரப்பட வேண்டும். என் பழைய அசைன்மென்ட்டோடு செய்த நடை ஒப்பீடு கூட்டத்தில்தான் முதன்முறையாகக் காட்டப்பட்டது. குறிப்பு பக்கம் 2, இணைப்பு 4. முடிவுக் கடிதம் அந்த ஒப்பீட்டையே முக்கிய ஆதாரமாகச் சொல்கிறது. இணைப்பு 1, பத்தி 3. முன்பே கிடைத்திருந்தால், அந்தப் பழைய அசைன்மென்ட் கையால் எழுதிய தேர்வுத்தாள், இது இரண்டு மாதம் எழுதிய கட்டுரை, இரண்டின் நடையும் ஒன்றாக இருக்க முடியாது என்று விளக்கியிருப்பேன்."

ஆங்கிலத்தில் இதே அளவு, இதே நிதானம். "நியாயமற்றது", "அதிர்ச்சி", "என் வாழ்க்கை பாழ்" போன்ற சொற்களை எடுத்துவிட்டால் கடிதம் வலுக்கும். இணைப்புகளுக்கு எண் போட்டு, ஒரே பிடிஎஃப் ஆக, முதல் பக்கத்தில் பட்டியலோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப் படங்கள் பத்துப் பதினைந்தைத் தனித்தனியாக இணைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். அனுப்பியதும் பெற்றுக்கொண்டோம் என்ற பதில் இரண்டு வேலை நாளில் வராவிட்டால் கேளுங்கள்.

மேல்முறையீடு நடக்கும்போதே மறுவாய்ப்பு அசைன்மென்ட்டின் தேதி வந்தால் எழுதிப் போட்டுவிடுங்கள். "மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, அதைக் கைவிடாமலே இதைச் சமர்ப்பிக்கிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போதும். மேல்முறையீட்டை நம்பி மறுவாய்ப்பை விட்டவர், மேல்முறையீடு தோற்றால் இரண்டையும் இழப்பார். பட்டமளிப்பில் கலந்துகொண்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும் என்று சில விதிகள் சொல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பேனல் விசாரித்தால் தண்டனையைக் கூட்ட முடியுமா என்பதையும் அனுப்புவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

உள்ளே கதவு மூடினால் ஓஐஏ

பல்கலைக்கழகத்தின் கடைசிப் படியும் முடிந்ததும் "கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்" கடிதம் வரும். பேச்சில் சிஓபி லெட்டர். 28 நாளுக்குள் தர வேண்டும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முறையான விசாரணை தொடங்கியதிலிருந்து மேல்முறையீடு வரை எல்லாம் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது மாணவர் புகார்களைப் பார்க்கும் ஓஐஏ அலுவலகத்தின் நல்ல நடைமுறை வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. இழுத்தடித்தால் இந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம்.

சிஓபி தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற சுயேச்சை நடுவர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்கள் இதற்குக் கட்டுப்பட்டவை. மாணவருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, எல்லாம் ஆன்லைனில். ஸ்காட்லாந்தில் படிப்பவர்கள் அங்குள்ள பொதுச்சேவை ஆம்புட்ஸ்மனிடமும் (புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அதிகாரி), வட அயர்லாந்தில் படிப்பவர்கள் அங்குள்ள ஆம்புட்ஸ்மனிடமும் போக வேண்டும். வட அயர்லாந்தில் அவகாசம் 6 மாதம்தான்.

ஓஐஏ எதைத் தொடும், எதைத் தொடாது என்று தெரிந்து எழுதினால் ஏமாற்றம் குறையும். இந்தப் பத்தி மூலத்தை முறையாகச் சுட்டுகிறதா என்பது துறை வல்லுநரின் கல்விசார் கணிப்பு. அதை மாற்ற மாட்டார்கள். அந்தக் கணிப்புக்கு என்ன ஆதாரம், உங்கள் பக்கத்தைக் கேட்டார்களா, தங்கள் விதியைத் தாங்களே பின்பற்றினார்களா, காரணம் சொன்னார்களா, தண்டனை நியாயமா என்பதைப் பார்ப்பார்கள். புகார் நியாயம் என்றோ ஓரளவு நியாயம் என்றோ கண்டால் மறுபடி விசாரிக்கவும், இழப்பீடு தரவும் பரிந்துரைப்பார்கள். பரிந்துரைதான் என்றாலும் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்காவிட்டால் பெயர் வெளியாகும். மாதங்கள் ஆகும் என்று மட்டும் எதிர்பாருங்கள்.

ஒரு குழி இருக்கிறது. உள்மேல்முறையீட்டைக் கெடுவுக்குள் செய்யாமல் விட்டுவிட்டு நேராக ஓஐஏவுக்குப் போனால், தாமதமான மேல்முறையீட்டை மறுத்தது சரியா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். முறைகேடு வழக்கின் உள்ளே போகவே மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பத்து நாள் அவ்வளவு முக்கியம்.

கோர்ட்டில் ஜுடிஷியல் ரிவ்யூ (முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று பார்க்கும் வழக்கு) போட வேண்டுமானால் அவகாசம் மூன்று மாதம், அதுவும் தாமதிக்காமல். செலவு பெரிது, முதலில் ஓஐஏ போய்விட்டு வா என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஓஐஏ அதே விஷயத்தை எடுக்காது.

விசா

மேல்முறையீடு போட்டிருப்பதால் விசா தானாக நீளாது. படிப்பிலிருந்து உங்களை நீக்கினால் பல்கலைக்கழகம் 10 வேலை நாளுக்குள் உள்துறைக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு விசா சுருக்கப்பட்டுப் பொதுவாக 60 நாள் தருவார்கள். ஆகவே வெளியேற்றம் என்ற முடிவு வந்தால் மேல்முறையீட்டுக் கடிதத்தோடு சேர்த்தே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: உள்மேல்முறையீடு முடியும்வரை என் பதிவை நீக்காமல் வைத்திருப்பீர்களா, எந்தத் தேதியில் அறிவிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஓஐஏ புகார் நடக்கும் காலத்துக்குப் பிரிட்டனில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, ஊரிலிருந்தே நடத்தலாம். விசா முடிந்தும் அங்கேயே தங்கினால் அது அடுத்த விண்ணப்பங்களையெல்லாம் கெடுக்கும்.

வெளியேற்றம் இல்லாமல் மறுவாய்ப்பு என்ற தண்டனை வந்தவர்களும் தேதியைப் பார்க்க வேண்டும். படித்து முடித்த பிறகு தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு, படிப்பை வெற்றிகரமாக முடித்தார் என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஸ்டூடன்ட் விசா உயிரோடு இருக்கும்போதே, பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும். மறுவாய்ப்பின் முடிவு வெளியாகும் தேதியும் விசா முடியும் தேதியும் மோதுகின்றனவா என்று இன்றே பார்த்து, மோதினால் மறுவாய்ப்புத் தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா, விசா நீட்டிப்புக்குப் புதிய சிஏஎஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஒப்புதல்) தருவார்களா என்று இப்போதே கேளுங்கள். விசா முடிய ஒரு வாரம் இருக்கும்போது கேட்டால் எந்த அலுவலகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.